ஓட்டமும் கொடையும்: நிதி திரட்டும் நெடுந்தூர ஓட்டங்களின் வரலாறும் நியாயமும்

ஒருவர் 42.195 கிலோமீட்டர் தூரத்தை ஓடி முடிப்பதால் நெல்லோ துணியோ மருந்தோ உண்டாவதில்லை. அவர் ஓடினார் என்பதற்காக இன்னொருவர் மூன்றாவது ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் வழக்கம், வெறும் வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால், விளங்கிக்கொள்ளக் கடினமானது. கொடுப்பவருக்குப் புற்றுநோய் ஆய்விலோ குழந்தைகள் நலனிலோ அக்கறை இருக்குமானால் உரிய நிறுவனத்துக்கு அவரே நேரில் கொடுத்துவிடலாம். அதற்காக இடையில் ஒருவர் மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்து, கால் நகங்களை இழந்து, மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை. ஆயினும் 2025 ஏப்ரலில் நடந்த லண்டன் மராத்தானில் மட்டும் ஓட்டக்காரர்கள் 8.73 கோடி பவுண்டு திரட்டித் தந்திருக்கிறார்கள். ஒரே நாளில் நடந்து முடியும் நிகழ்ச்சி ஒன்று இவ்வளவு பெரிய கொடையை ஈட்டித் தருவது எவ்வாறு, அந்தப் பணம் யார் வழியாக யாரைச் சென்றடைகிறது, அதில் யார் விடுபட்டுப்போகிறார்கள் என்னும் கேள்விகள், அறப்பணியின் வரலாற்றை எழுதுவோர் தள்ளிவைக்கக் கூடாதவை.

தூரத்துக்கும் பணத்துக்கும் முடிச்சுப்போடும் வழக்கம் ஓட்டத்தில் தொடங்கவில்லை, நடையில்தான் தொடங்கியது. 1960களில் பஞ்ச நிவாரண அமைப்புகள் மேலை நாடுகளில் நடைப்பயணங்களை நடத்தின. கனடாவில் 1967-இல், அந்நாட்டுக் கூட்டமைப்பின் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய ‘மைல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்’ நடைப்பயணங்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. பள்ளி மாணவர் ஒருவர் அக்கம்பக்கத்தாரிடம் சென்று, தாம் நடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு சென்ட் தருவதாக ஒப்புதல் கையெழுத்து வாங்குவார். நடந்து முடித்தபின் திரும்பச் சென்று கணக்குப் பார்த்துப் பணத்தைப் பெறுவார். இந்த ஏற்பாட்டில் நுட்பமான ஒரு செயல் ஒளிந்திருக்கிறது. கேட்பவர் வெறுங்கையோடு நிற்பதில்லை, தம் உழைப்பை ஈடாக வைக்கிறார். கொடுப்பவரோ தொகையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், நடப்பவரின் உறுதியைப் பொறுத்துத் தம் கொடை கூடவோ குறையவோ இடம் விடுகிறார். நன்கொடை கேட்பதில் உள்ள கூச்சம் இதனால் பெருமளவு நீங்கிவிடுகிறது.

இந்த எளிய ஏற்பாட்டை ஒரு நாட்டின் மனசாட்சியையே அசைக்கும் நிகழ்வாக மாற்றியவர் டெரி ஃபாக்ஸ். 1958 ஜூலை 28 அன்று வின்னிபெக் நகரில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் போர்ட் கொக்விட்லம் நகரில் வளர்ந்த அவருக்கு, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 18-ஆம் வயதில் வலது முழங்காலில் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் இருப்பது 1977 மார்ச்சில் கண்டறியப்பட்டது. வளரிளம் பருவத்தினரையும் இளைஞர்களையும் பெரிதும் தாக்கும் நோய் இது. அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் அவருடைய பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கொண்டுவந்து தந்த இதழ் ஒன்றில், செயற்கைக் காலுடன் நியூயார்க் மராத்தானை ஓடி முடித்த டிக் ட்ரம் என்பவரைப் பற்றிய கட்டுரை இருந்தது. நாடு முழுவதையும் ஓடிக் கடக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவர் மனத்தில் விழுந்தது.

எனினும் ஃபாக்ஸின் ஓட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தது சாகச ஆசை என்று கொள்வது பிழை. அவருக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு என்று மருத்துவர்கள் கூறினர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் இதே நோய்க்கு அந்த வாய்ப்பு பதினைந்து விழுக்காடாகத்தான் இருந்தது என்பதையும் அவர் அறிந்துகொண்டார். இடைப்பட்ட காலத்தில் மருந்துச் சிகிச்சையில் ஏற்பட்ட முன்னேற்றமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆய்வுக்குச் செலவிடப்படும் பணம் மனித உயிராக மாறுகிறது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை, தம் உடலிலேயே கண்டார். பதினாறு மாதங்கள் நீண்ட மருந்துச் சிகிச்சையின்போது அதே மருத்துவமனைக் கூடத்தில் தம்மைவிட இளையவர்கள் துன்புற்றதையும் மடிந்ததையும் பார்த்தவர், தாம் பிழைத்ததற்கு ஒரு கடன் பட்டிருப்பதாகவே கருதினார். 1979-இல் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு அவர் எழுதிய வேண்டுகோள் கடிதத்தில் இந்தக் கடன் உணர்வே மேலோங்கி நிற்கிறது. சங்கத்தார் முதலில் அவ்வளவாக நம்பிக்கை கொள்ளவில்லை. அவரோ புறப்படுவதற்குள் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பயிற்சி பெற்றிருந்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடல்நீரில் தம் செயற்கைக் காலை நனைத்துவிட்டு அவர் புறப்பட்டார். மறுகரையில் பசிபிக் கடல்வரை, சுமார் 8,000 கிலோமீட்டரை நாளொன்றுக்கு ஒரு மராத்தான் வீதம் கடப்பது அவருடைய திட்டம். ‘நம்பிக்கை மராத்தான்’ என்று அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. அன்றைய செயற்கைக் கால்கள் நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கவோ, விரைந்து முன்வந்து அடுத்த அடிக்கு ஆயத்தமாகவோ அவற்றால் இயலாது. எனவே செயற்கைக் கால் முன்னே வந்து சேரும்வரை, நல்ல காலால் இரு முறை தத்திக் குதித்து, பின்னரே மறு காலை ஊன்றும் தனி நடை ஒன்றை அவர் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றளவும் ஒளிப்படங்களிலும் சிலைகளிலும் அவரை அடையாளம் காட்டுவது அந்தத் தத்தல் நடையே. துண்டிக்கப்பட்ட காலின் முனையில் தோல் உரிந்து குருதி கசிந்த நாட்களிலும், நியூஃபவுண்ட்லாந்தின் பனிப்புயலிலும் ஒன்டாரியோவின் கோடை வெயிலிலும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட் வேனை ஓட்டிக்கொண்டு உடன் வந்தார். பின்னர் தம்பி டாரலும் சேர்ந்துகொண்டார்.

தொடக்கத்தில் சாலையோரம் பெரும்பாலும் வெறிச்சோடியே இருந்தது. மாறுதலின் முதல் அறிகுறி ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிறு துறைமுக ஊரில் தென்பட்டது: அவ்வூரார் திரட்டித் தந்த தொகை 10,000 டாலருக்கு மேல், அதாவது தலைக்கு ஒரு டாலர். பத்து லட்சம் டாலர் என்று தொடங்கிய இலக்கு, கனடிய மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்று பின்னர் விரிந்தது. ஒரு செல்வர் ஒரே காசோலையில் கொடுத்து முடிக்கக்கூடியதாக இல்லாமல், எல்லோரும் சிறிது கொடுத்தால் மட்டுமே எட்டக்கூடியதாக இலக்கு அமைந்தது என்பது இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பணத்தின் அளவைப் போலவே கொடுப்போரின் எண்ணிக்கையும் அவருக்கு முக்கியமாக இருந்தது. பெருநிறுவனங்கள் வேன், எரிபொருள், காலணி தந்து உதவியதை ஏற்றுக்கொண்ட அவர், தம் ஓட்டத்தை விளம்பரமாக்க முன்வந்தவர்களை மறுத்தார். ஃபோர் சீசன்ஸ் விடுதிக் குழுமத்தின் நிறுவனரும், தம் இளம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவருமான இசடோர் ஷார்ப், மைலுக்கு இரண்டு டாலர் தருவதாக அறிவித்து, மேலும் 999 நிறுவனங்களையும் அவ்வாறே தருமாறு அழைத்தார். ஜூலையில் டொராண்டோ நகர மன்றச் சதுக்கத்தில் 10,000 பேர் கூடி ஃபாக்ஸை வரவேற்றனர்.

செப்டம்பர் 1 அன்று ஒன்டாரியோவின் தண்டர் பே நகருக்கு வெளியே இருமலும் மார்பு வலியும் மிகுந்து ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். திரண்டிருந்த தொகை 17 லட்சம் டாலர். ஒரு வாரத்துக்குள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் மட்டும் 1 கோடியே 5 லட்சம் டாலர் குவிந்தது. 1981 பிப்ரவரியில் மொத்தத் தொகை 2 கோடியே 41 லட்சம் டாலரைக் கடந்தது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. தலைக்கு ஒரு டாலர் என்னும் இலக்கு நிறைவேறியதை அறிந்துகொண்ட பிறகு, அவ்வாண்டு ஜூன் 28 அன்று, தம் 23-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் அவர் இறந்தார்.

ஐந்து மாதம் ஓடித் திரட்டியதைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட தொகை, ஓட முடியாமல் போனபின் ஒரே நிகழ்ச்சியில் வந்து சேர்ந்தது என்பது ஆழ்ந்து ஆராயத்தக்கது. இவ்வகை உளப்பாங்கை ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃபர் ஒலிவோலாவும் எல்டர் ஷஃபீரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ‘தியாகி விளைவு’ என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினர். ஒரே அறப்பணிக்காக, இன்பமான விருந்து ஒன்றுக்கும் களைப்பூட்டும் ஐந்து மைல் ஓட்டத்துக்கும் அழைக்கப்படுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, ஓட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களே மிகுதியாகக் கொடுக்க முன்வந்தனர்; பனிநீரில் கையை அமிழ்த்தி வைக்கும் சோதனையிலும் அதே போக்கு தென்பட்டது. தாம் படும் வருத்தம் தம் கொடைக்குப் பொருளைக் கூட்டுவதாக மனிதர் உணர்வதே இதற்கு அவர்கள் கூறும் விளக்கம். கொடை எந்த நோக்கத்துக்கு என்பதைப் பொறுத்தும் இந்த விளைவு மாறுகிறது: பசியும் நோயும் போன்ற மனிதத் துன்பத்தைப் போக்கும் நோக்கங்களுக்கு அது வலுவாகவும், பூங்கா அமைப்பது போன்ற இன்பம் சார்ந்த நோக்கங்களுக்கு வலுக்குறைந்தும் அமைகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு மிகுதியாக இராது. வசதி படைத்தவரே ஆயினும், நேர்ந்துகொண்டபடி மடியேந்தி வீடுவீடாகச் சென்று காசு பெற்றுத் திருப்பதி உண்டியலில் சேர்க்கும் மடிப்பிச்சை வழக்கத்தை அறிந்தவர்கள், கேட்பவர் தம்மைத் தாழ்த்திக்கொள்வது கொடுப்பவரின் கையை எவ்வாறு நெகிழ்த்துகிறது என்பதையும் அறிவார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். நேர்த்திக்கடனில் வருத்தம் தெய்வத்துக்கும் தனக்கும் இடையிலான உடன்பாடு. ஃபாக்ஸின் ஓட்டத்தில் அது முன்பின் அறியாத நோயாளிக்காகப் பொதுச் சாலையில் ஏற்கப்பட்ட வருத்தம்.

பிறருடைய வருத்தமும் கொடையை இவ்வாறே பெருக்குகிறது என்பதற்கு வேதனையான சான்று லண்டனில் கிடைக்கிறது. மனமுடைந்தோருக்குத் தொலைபேசிவழி துணைநிற்கும் சமாரிட்டன்ஸ் அமைப்புக்காக 500 பவுண்டு திரட்ட எண்ணி 2012-இல் ஓடிய 30 வயதுப் பெண் ஒருவர், முடிவெல்லைக்கு ஏறத்தாழ ஒரு மைல் இருக்கையில் சரிந்து விழுந்து இறந்தார். அவரை அறியாத பல்லாயிரவர் அவர் விட்டுச்சென்ற நிதிப் பக்கத்தில் கொடுக்கத் தொடங்கினர்; சில நாட்களில் தொகை பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. அந்த அமைப்பின் பணி அந்த வாரத்தில் எவ்வகையிலும் மாறிவிடவில்லை. மக்கள் கொடுத்தது ஓடியவருக்காகவே.

தனிமனிதரின் ஈகத்தில் பிறந்த இந்த ஆற்றலை நிலையான அமைப்பாக மாற்றும் முயற்சிகள் 1980களில் தொடங்கின. அமெரிக்காவில் 1988-இல், லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த தம் மகளுக்காக புரூஸ் கிளீலேண்ட் என்பவர் 38 ஓட்டக்காரர்களைச் சேர்த்து நியூயார்க் மராத்தானில் ஓடி 3,22,000 டாலர் திரட்டினார். ‘டீம் இன் ட்ரெய்னிங்’ என்னும் பெயர் பெற்ற அத்திட்டம், ஓட விரும்பும் சாதாரண மனிதருக்குப் பயிற்சியாளரையும் உடன் ஓடும் தோழர்களையும் தந்து, அதற்கு ஈடாக நிதி திரட்டச் சொன்னது. அதுவரை ஓடத் தெரிந்தவர் நிதி திரட்டினார். இதன் பின்னர் நிதி திரட்ட முன்வந்தவர் ஓடக் கற்றுக்கொண்டார். மராத்தான் விளையாட்டு வீரரின் களமாக இருந்த நிலை மாறி, ஐந்து ஆறு மணிநேரம் எடுத்துக்கொண்டு நடந்தும் ஓடியும் முடிக்கும் நடுத்தர வயதினரின் களமாகவும் ஆனதில் இத்திட்டத்துக்குப் பங்கு உண்டு.

லண்டன் மராத்தானின் வழி வேறு. கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் நியூயார்க் மராத்தானில் ஓடிப் பெற்ற உந்துதலால் தொடங்கிய அது, 1981 மார்ச் 29 அன்று முதல்முறையாக நடந்தது. ஓட விரும்புவோர் தொகை இருக்கும் இடங்களைவிடப் பன்மடங்காகப் பெருகியபோது, குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கப்பட்டது; 2025 ஓட்டத்துக்கான குலுக்கலுக்கு 8,40,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். இந்தப் பற்றாக்குறையே நிதியின் ஊற்றாயிற்று. 1990களில் கொண்டுவரப்பட்ட ‘கோல்டு பாண்ட்’ திட்டத்தின்படி, அறக்கட்டளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களைச் சில நூறு பவுண்டு விலையில் ஆண்டுதோறும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். குலுக்கலில் இடம் கிடைக்காதவர் அறக்கட்டளையை அணுகுவார். அதுவோ ஏறத்தாழ 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் திரட்டித் தருவதாக உறுதி பெற்றுக்கொண்டு இடத்தைத் தரும். 2019-இல் 6.64 கோடி பவுண்டும் 2025-இல் 8.73 கோடி பவுண்டும் திரண்டதற்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடே.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. நல்வாழ்வு இல்லங்களும் சிறுவர் மருத்துவமனைகளும் மீட்புப் படகுப் பணிகளும் இந்தப் பணத்தை நம்பி ஆண்டுத் திட்டம் வகுக்கின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பது 2020-இல் வெளிப்பட்டது: பெருந்தொற்றால் ஏப்ரல் மாத ஓட்டம் தள்ளிவைக்கப்பட்டபோது, தேவை உச்சத்தில் இருந்த அதே மாதங்களில் அறக்கட்டளைகளின் வருவாய் அறுந்தது. ஒரே நாள் நிகழ்ச்சியின் மேல் ஓராண்டுப் பணியைச் சுமத்துவதில் உள்ள இடர் அது.

அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. சாரா ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 2010 லண்டன் மராத்தான் ஓட்டக்காரர்களின் இணைய நிதிப் பக்கங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு பக்கத்தில் முன்னர் வந்த கொடைகளின் சராசரி 10 பவுண்டு உயர்ந்தால், அடுத்து வருபவர் தரும் தொகை சராசரியாக 2.50 பவுண்டு உயர்கிறது. கொடுப்பவர் தமக்கு முன் கொடுத்தவர்களைப் பார்த்து, தமக்குத் தகுந்த அளவு எது என்பதைத் தீர்மானிக்கிறார்; முந்தைய கொடைகளை அறக்கட்டளையின் தரத்துக்குச் சான்றாக அவர் கொள்வதாகத் தெரியவில்லை என்பதே அவ்வாய்வாளர்களின் கருத்து. இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது: பணம் செல்லும் திசையைத் தீர்மானிப்பது தேவையின் கடுமை அன்று, ஓடுபவரின் சுற்றமும் அச்சுற்றத்தின் வசதியும். வங்கி அதிகாரி ஒருவர் தம் அலுவலகத்தில் ஒரு பிற்பகலில் திரட்டுவதை, துப்புரவுத் தொழிலாளி ஒருவர் தம் தெருவில் ஓராண்டிலும் திரட்ட இயலாமல் போகலாம். குறைந்தபட்சத் தொகை என்னும் வாயிற்படியை வைத்தவுடன், பின்னவர் ஓட்டத்திலிருந்தே விலக்கப்பட்டுவிடுகிறார். அவ்வாறே, பல இடங்களை வாங்கும் வலுவுள்ள பெரிய அறக்கட்டளை மேலும் வளர்கிறது; ஒரு சிற்றூரில் பத்துப் பேருக்குச் சோறு போடும் சிறிய அமைப்பு வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இந்தச் சிக்கலுக்கு விடை ஃபாக்ஸின் வாழ்க்கையின் கடைசி மாதங்களிலேயே உருவாகியிருந்தது. அவர் நோயுற்றபின், ஆண்டுதோறும் அவர் பெயரில் ஓட்டம் நடத்த ஷார்ப் முன்வந்தபோது, அதற்கு இசைந்த ஃபாக்ஸ், அது போட்டியாக இருத்தல் ஆகாது என்பதில் உறுதியாக இருந்தார். வெற்றியாளர் இல்லை, பரிசு இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். நுழைவுக் கட்டணமோ குறைந்தபட்சத் தொகையோ கிடையாது. நிறுவன விளம்பரத்துக்கும் இடம் இல்லை. 1981 செப்டம்பர் 13 அன்று நடந்த முதல் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3,00,000 பேர் கலந்துகொண்டனர். திரண்டது 35 லட்சம் டாலர். சராசரியாகத் தலைக்குப் பன்னிரண்டு டாலருக்கும் குறைவு. ஓர் ஓட்டக்காரரிடம் 2,000 பவுண்டு எதிர்பார்க்கும் திட்டத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பமே. அச்சொற்பங்கள் சேர்ந்து, ஃபாக்ஸின் பெயரால் உலகெங்கும் இதுவரை திரண்ட தொகை 80 கோடி டாலரைக் கடந்துவிட்டது. இளைஞரின் காலைத் துண்டிக்காமலே எலும்புப் புற்றைக் களையும் அறுவை முறை இன்று பரவலாகியிருப்பதும், அந்நோயில் பிழைப்போர் விகிதம் அவர் காலத்தைவிட உயர்ந்திருப்பதும், அவர் நம்பிய ஆய்வு வழி பொய்க்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே இரு முறைகளில் எது சிறந்தது என்னும் கேள்விக்கு, ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து லண்டனுக்கு முதலிடம் தருவது ஆய்வுக்கு உகந்த முடிவாகாது. லண்டன் முறை பெருந்தொகையை விரைவாகத் திரட்டுகிறது. அதற்கு ஓட்டத்தின் புகழும் இடங்களின் பற்றாக்குறையும் வேண்டும், ஆகையால் உலகின் சில நகரங்களில் மட்டுமே அது பலிக்கும். ஃபாக்ஸின் முறைக்கு ஒரு தெருவும் ஒரு காலைப்பொழுதும் போதும். எந்த ஊரும் அதை மேற்கொள்ளலாம். சென்னையில் இந்திய தொழில்நுட்பக் கழக வளாகத்தில் டெரி ஃபாக்ஸ் ஓட்டம் நடைபெற்றிருப்பதே இதற்குச் சான்று.

இந்திய நகரங்களில் ஞாயிறுதோறும் ஏதேனும் ஓர் ஓட்டம் நடக்கும் காலம் இது. பல ஓட்டங்களின் பதாகைகளில் ஒரு நற்பணியின் பெயர் இடம்பெறுகிறது. பதிவுக் கட்டணத்தில் பனியனுக்கும் பதக்கத்துக்கும் மேடைக்கும் போக அந்நற்பணிக்கு எவ்வளவு செல்கிறது என்பது எல்லா இடத்திலும் சொல்லப்படுவதில்லை. கட்டணம் செலுத்துவது வேறு, கொடை தருவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணவைப்பது ஓடுபவரின் நல்லெண்ணத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். ஓட்டத்தை நடத்துவோர் எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பணிக்கு, எத்தனை ரூபாய் சேரும் என்பதைப் பதிவு தொடங்கும் நாளிலேயே அறிவிக்கட்டும். சேர்ந்த தொகையை ஓட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் கணக்குடன் வெளியிடட்டும். கட்டணம் செலுத்த இயலாதவரும் பத்து ரூபாயோடு வந்து நிற்க ஒரு வரிசையைத் திறந்து வைக்கட்டும். அடுத்த ஞாயிறு காலணியின் கயிற்றைக் கட்டும் ஒவ்வொருவரும் இம்மூன்றையும் அவர்களிடம் கேட்க வேண்டும்.